ஸ்டுடியோ வகுப்பும் நாளைய ஆசிரியரும்: கூட்டுக் கற்றல் எப்போது பலிக்கிறது?

ஆசிரியர் பயிற்சி நிறுவனம் ஒன்றில் 'ஸ்டெம் ஸ்டுடியோ' திறக்கப்பட்டதாகச் செய்தி வரும்போது, அதனுடன் வரும் படத்தில் வட்ட மேசைகள், சக்கரம் வைத்த நாற்காலிகள், சுவரெங்கும் வெள்ளைப் பலகைகள், மூலையில் ஒரு முப்பரிமாண அச்சு இயந்திரம் ஆகியவை தவறாமல் இருக்கும். அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்பது மட்டும் செய்தியில் இருக்காது. ஆகவே இது புதுப்பித்த ஆய்வகமா, கணினி அறையின் மறுபெயரா, அல்லது மாணவர்களைக் குழுவாக உட்காரவைத்த வழக்கமான வகுப்பா என்ற குழப்பம் படிப்பவருக்கு ஏற்படுவதில் வியப்பில்லை. ஆசிரியராகப் போகிறவர் இத்தகைய அறையில் ஏன் படிக்க வேண்டும் என்ற அடுத்த கேள்வியோ பெரும்பாலும் எழுப்பப்படுவதே இல்லை. இந்தக் கட்டுரை அடிப்படையிலிருந்து தொடங்கி அந்தக் கேள்வி வரை செல்கிறது.

## சில சொற்கள்

1. ஸ்டெம்: அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் ஆகிய நான்கையும் சேர்த்துக் குறிக்கும் பெயர். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை வழியாக 2001-க்குப் பிறகு இது பரவலாயிற்று. நான்கு பாடங்களையும் ஒரே பெயரில் அழைப்பது எளிது. ஒரே வகுப்பில் கற்பிப்பது வேறு வகைச் சிக்கல். அது பின்னால் வரும்.

2. ஸ்டுடியோ வகுப்பு: விரிவுரைக்கு ஓர் அரங்கு, செய்முறைக்கு ஓர் ஆய்வகம், கணக்குப் போட்டுப் பார்க்க இன்னொரு வகுப்பு என்று பிரிந்து கிடப்பவற்றை ஒரே அறையில், நீண்ட ஒரே அமர்வில் இணைக்கும் ஏற்பாடு. ஓர் அளவீடு எடுக்கப்பட்ட அடுத்த நிமிடமே அதைப் பற்றிய விவாதமும், அதற்கான சமன்பாடும், ஐந்து நிமிட விளக்கமும் வரக்கூடும். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே அது எல்லோர் பார்வைக்கும் திறந்திருப்பது இதன் இன்னோர் அடையாளம்.

3. கூட்டுக் கற்றல்: ஒருவர் செய்ய மற்றவர் பார்த்து எழுதிக்கொள்வதை இது குறிக்காது. ஒவ்வொருவரின் பங்கும் இல்லாமல் பணி முடியாது, ஒவ்வொருவரும் முடிவுக்குத் தனித்தனியே பதில் சொல்ல வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளும் நிறைவேறினால்தான் அது கூட்டுக் கற்றல்.

4. மாணவ ஆசிரியர்: ஆசிரியர் பயிற்சியில் படித்துக்கொண்டிருப்பவர். அவருக்குக் கற்பிப்பவரை இங்கே பயிற்றுநர் என்று குறிப்பிடுகிறேன்.

## இந்த முறை எங்கிருந்து வந்தது?

ஸ்டுடியோ என்ற ஏற்பாடு கட்டடக்கலை, ஓவியம், வடிவமைப்பு ஆகிய துறைகளுக்குப் பழையது. அங்கே மாணவர் வரைந்துகொண்டிருக்கும்போதே ஆசிரியர் அருகில் வந்து நிற்பார், கோட்டைத் திருத்துவார், ஏன் திருத்தினார் என்று சொல்வார். அரைகுறையாக நிற்கும் வேலை சுவரில் மாட்டப்பட்டு எல்லோராலும் விமர்சிக்கப்படும். தொழில்முறை அறிவு எவ்வாறு கைமாறுகிறது என்பதை ஆராய்ந்த டொனால்ட் ஷோன் 1980-களில் கட்டடக்கலை ஸ்டுடியோவைத்தான் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டார். வேலையைச் செய்யும்போதே அதைப் பற்றிச் சிந்திக்கும் பழக்கம் விரிவுரையால் வருவதில்லை என்பது அவருடைய வாதம்.

அறிவியல் கல்விக்குள் இந்த முறை முதலில் இயற்பியல் வழியாக நுழைந்தது. 1980-களின் பிற்பகுதியில் டிக்கின்சன் கல்லூரியில் பிரிசில்லா லாஸ் விரிவுரையை ஏறக்குறைய முழுவதுமாக நீக்கிவிட்டுச் செய்முறைவழி இயற்பியல் பாடத்தை அமைத்தார். 1990-களின் தொடக்கத்தில் ரென்சிலர் பல்தொழில்நுட்பக் கழகத்தில் ஜாக் வில்சன் 'ஸ்டுடியோ இயற்பியல்' என்ற பெயரிலேயே ஒன்றைத் தொடங்கினார். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பைக்னர் இதைப் பெரிய வகுப்புகளுக்கு ஏற்றவாறு மாற்றினார். ஏழு அடி விட்டமுள்ள வட்ட மேசையில் மும்மூன்று பேர் கொண்ட மூன்று குழுக்கள் அமரும் அமைப்பு அவருடைய திட்டத்திலிருந்து பரவியதே. 2000-களின் தொடக்கத்தில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜான் பெல்ச்சர் தலைமையில் இதன் இன்னொரு வடிவம் வந்தது. கற்றல் அளவீடுகளில் முன்னேற்றம் தெரிந்தபோதிலும், மாணவர்களில் ஒரு பகுதியினர் பழைய விரிவுரையே வேண்டும் என்று அங்கே மனுக் கொடுத்தார்கள். பின்னால் அந்த முரண்பாட்டுக்குத் திரும்பி வருவோம்.

## அறை மாறினால் கற்றல் மாறுமா?

இந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத, ஆனால் மிக முக்கியமான நிகழ்வு ரென்சிலரில் நடந்தது. ஸ்டுடியோ அங்கே அழகாக அமைக்கப்பட்டிருந்தது. கணினிகள் இருந்தன, குழுக்கள் இருந்தன, மாணவர்களுக்கும் அது பிடித்திருந்தது. விசை, இயக்கம் பற்றிய அடிப்படைப் புரிதலைச் சோதிக்கும் தேர்வைப் பாடத்துக்கு முன்பும் பின்பும் வைத்துப் பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. முன்தேர்வில் மாணவர் அறியாதிருந்ததில் எத்தனை பங்கைப் பின்தேர்வுக்குள் கற்றிருக்கிறார் என்பதை இத்தகைய ஆய்வுகளில் 0 முதல் 1 வரையுள்ள ஓர் எண்ணால் குறிப்பார்கள். வழக்கமான விரிவுரை வகுப்புகளில் அது 0.2-ஐ ஒட்டியே இருக்கும். ரென்சிலரின் ஸ்டுடியோவிலும் ஏறத்தாழ அதே 0.2 தான் கிடைத்தது.

பிறகு அதே அறையில், அதே மேசைகளில், இரண்டு மாற்றங்கள் சோதிக்கப்பட்டன. ஒரு பிரிவில், செய்து காட்டப்படும் ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் மாணவர்கள் தங்கள் கணிப்பை எழுதி, பக்கத்தில் இருப்பவருடன் வாதிட்டு, அதன்பிறகே முடிவைப் பார்த்தார்கள். இன்னொன்றில், ஒருவரால் தனியாகத் தீர்க்க முடியாத அளவுக்குச் சிக்கலான கணக்குகள் குழுவுக்குக் கொடுக்கப்பட்டன. இரண்டிலும் அந்த எண் 0.35-க்கு அருகில் உயர்ந்தது. 1999-ல் வெளியான இந்த ஆய்வை, ஸ்டுடியோ கட்டப் பணம் ஒதுக்கும் ஒவ்வொருவரும் படித்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. கற்றலை உயர்த்தியது மேசை கிடையாது. மேசையில் வைக்கப்பட்ட பணியின் தன்மை. மேசையின் பங்கு அந்தப் பணியை எளிதாக்குவதோடு முடிகிறது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடிகிறது, பயிற்றுநர் எந்தக் குழுவையும் நான்கு எட்டில் அடைய முடிகிறது, அவ்வளவுதான்.

## ஆசிரியராகப் போகிறவருக்கு இது ஏன் வேறு?

பொறியியல் படிப்பவருக்கு ஸ்டுடியோ இயற்பியலைக் கற்பித்துவிட்டால் போதும். மாணவ ஆசிரியரின் நிலை அப்படிப்பட்டதன்று. அதற்குக் காரணங்கள் மூன்று.

1. பார்த்துப் பழகிய பயிற்சி. சமூகவியலாளர் டான் லோர்ட்டி 1975-ல் சுட்டிக்காட்டியதுபோல், ஆசிரியப் பணிக்கு வருபவர் பயிற்சியில் சேருவதற்கு முன்பே ஆயிரக்கணக்கான மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர். மருத்துவராகப் போகிறவர் அத்தனை மணி நேரம் அறுவைச் சிகிச்சையைப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் ஆசிரியராகப் போகிறவர் பார்த்தது மேடைப் பக்கத்தை மட்டுமே; ஆசிரியர் அந்தக் கேள்வியை ஏன் கேட்டார், எந்த எடுத்துக்காட்டைத் தவிர்த்தார், எதைக் கண்டு திட்டத்தை மாற்றினார் என்பதெல்லாம் அவர் கண்ணில் பட்டிருக்காது. பயிற்சியில் சொல்லப்படும் புதிய முறைகள் நெருக்கடி வந்ததும் உதிர்ந்துபோய், பார்த்துப் பழகியதே வெளிவருவதன் காரணம் இது.

2. பாடக் கற்பித்தல் அறிவு. லீ ஷுல்மன் 1986-ல் முன்வைத்த கருத்து இது. பாடத்தை அறிந்திருப்பது ஒன்று, பொதுவாக வகுப்பு நடத்தத் தெரிவது இன்னொன்று. குறிப்பிட்ட ஒரு பாடப்பகுதியில் மாணவர் எங்கே தடுக்கி விழுவார், எந்த உருவகம் உதவும், எது குழப்பும் என்று அறிந்திருப்பது இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது அறிவு. இதை நூலிலிருந்து ஓரளவுக்குத்தான் பெற முடியும். ஒரே கேள்விக்குப் பத்துப் பேர் எப்படியெல்லாம் யோசிக்கிறார்கள் என்பதைக் காது கொடுத்துக் கேட்டுத்தான் மீதியைப் பெற வேண்டும். ஸ்டுடியோ மேசை அதற்கு வாய்ப்பான இடம்.

3. பாட அறிவிலேயே இருக்கும் ஓட்டை. பட்டம் பெற்றவருக்குப் பள்ளிப் பாடம் தெரிந்திருக்கும் என்று பாடத்திட்டங்கள் அனுமானிக்கின்றன. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லில்லியன் மெக்டெர்மாட்டின் குழு பல ஆண்டுகள் ஆசிரியர்களோடும் மாணவர்களோடும் நடத்திய ஆய்வுகள் அந்த அனுமானத்தை உடைத்தன. எப்படி என்பதற்கு அவர்களுடைய கேள்வி ஒன்றையே எடுத்துக்கொண்டு பார்க்கலாம்.

## ஐந்து பல்புகள்: ஒரு வகுப்பின் உள்ளே

ஒரே மாதிரியான மூன்று மின்கலங்கள், ஒரே மாதிரியான ஐந்து பல்புகள். முதல் சுற்றில் ஒரு பல்பு மட்டும். இரண்டாவதில் இரண்டு பல்புகள் தொடரிணைப்பில். மூன்றாவதில் இரண்டு பல்புகள் பக்க இணைப்பில். ஐந்தையும் ஒளியின் அளவுப்படி வரிசைப்படுத்த வேண்டும். சமன்பாடு எதுவும் தேவையில்லை. மின்சாரப் பாடத்தை முடித்த பல்கலைக்கழக மாணவர்களிலேயே ஏறத்தாழ 15% பேர்தான் இதற்குச் சரியான விடை அளித்தார்கள். மின்கலத்தை இலட்சிய மின்கலமாக, அதாவது உள்மின்தடை இல்லாததாகக் கொண்டால், தனிப் பல்பும் பக்க இணைப்பில் உள்ள இரண்டும் சமமாக ஒளிரும். தொடரிணைப்பில் உள்ள இரண்டும் தமக்குள் சமமாக, ஆனால் மங்கலாக ஒளிரும்.

இந்தக் கேள்வியை வைத்து மாணவ ஆசிரியர்களுக்கு ஒரு ஸ்டுடியோ அமர்வு நடப்பதாகக் கொள்வோம். முதலில் ஒவ்வொருவரும் பேசாமல் தம் கணிப்பையும் காரணத்தையும் எழுதுகிறார்கள். பிறகு மூவரும் ஒப்பிடுகிறார்கள். ஒருவர், தொடரிணைப்பில் முதல் பல்பு மின்னோட்டத்தில் கொஞ்சத்தை 'எடுத்துக்கொண்டுவிடும்', ஆகவே இரண்டாவது மங்கலாக இருக்கும் என்று எழுதியிருக்கிறார். இன்னொருவர், மின்கலம் எப்போதும் ஒரே அளவு மின்னோட்டத்தைத்தான் தரும், பக்க இணைப்பில் அது பாதிபாதியாகப் பிரிவதால் இரண்டும் மங்கும் என்கிறார். மூன்றாமவர் ஓம் விதியை எழுதிவிட்டு, அதில் எந்த எண்ணை எங்கே போடுவது என்று தயங்குகிறார். மூவரும் பட்டதாரிகள். பல்பைச் செருகிப் பார்த்ததும் மேசையில் பேச்சு நின்றுபோகிறது.

இதுவரை நடந்தது எந்த நல்ல இயற்பியல் ஸ்டுடியோவிலும் நடப்பதே. ஆசிரியர் பயிற்சிக்கு உரிய பகுதி இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

பயிற்றுநர் மேசைக்கு வருகிறார். விடையைச் சொல்லவில்லை. "முதல் பல்பு எடுத்துக்கொண்டுவிடும் என்றீர்கள். அப்படியானால் மின்கலத்தின் முனைகளை மாற்றிச் செருகினால் எந்தப் பல்பு மங்கும்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார். மாற்றிச் செருகுகிறார்கள், இரண்டும் முன்போலவே சமமாக எரிகின்றன. 'எடுத்துக்கொள்ளும்' என்ற விளக்கம் அந்த இடத்திலேயே நிலைகுலைகிறது. இதற்குப் பின் பயிற்றுநர் வேலையை நிறுத்தச் சொல்லி, தாம் சற்று முன் செய்ததையே ஆய்வுப் பொருளாக மேசையில் வைக்கிறார். அந்தக் கேள்வியைக் கேட்கக் காரணம் என்ன? முனையை மாற்றச் சொல்லாமல் 'மின்னோட்டம் அழியாது' என்று விதியைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கேள்விக்குப் பின் எத்தனை நொடி காத்திருந்தேன்? பன்னிரண்டு வயதுச் சிறுவர் இதே கேள்விக்கு என்ன சொல்வார்?

காத்திருப்பு பற்றிய கேள்வியை அற்பமாகக் கருதிவிடக் கூடாது. 1970-களில் மேரி பட் ரோ வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்ட பிறகு சராசரியாக ஒரு நொடி அளவுக்கே காத்திருப்பதும், அதை மூன்று நொடியாக நீட்டினாலே விடைகள் நீளமாகவும் காரணம் கூறுவனவாகவும் மாறுவதும் தெரியவந்தன. மூன்று நொடி என்பது சொல்வதற்கு எளிது. இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த மௌனத்தைத் தாங்குவது பழக்கத்தால் மட்டுமே வரும்.

ஆக, மாணவ ஆசிரியர் ஒரே அமர்வில் மூன்று நிலைகளில் இருக்கிறார்: முதலில் கற்பவர், பிறகு தாம் கற்ற விதத்தைப் பகுத்துப் பார்ப்பவர், கடைசியாக அதே பணியை இளையோருக்கு ஏற்ப மாற்றி வடிவமைத்து, அடுத்த மேசைக்கு நடத்திக் காட்டுபவர். முதல் நிலையோடு வகுப்பை முடித்துக்கொள்ளும் திட்டங்கள் நல்ல அறிவியல் மாணவரை உருவாக்கும். ஆசிரியரை உருவாக்கும் வேலை பின்னிரண்டில் இருக்கிறது. நேரம் போதாதபோது முதலில் வெட்டப்படுவதும் அவ்விரண்டே.

கடைசி நிலையைப் பழைய நுண்ணிலைக் கற்பித்தலோடு ஒப்பிடலாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1963 வாக்கில் தொடங்கிய அம்முறையில் மாணவ ஆசிரியர் சில நிமிடப் பாடத்தை நடத்துவார், பிறகு குறைகள் சொல்லப்படும், மீண்டும் நடத்துவார். பல இடங்களில் அது சடங்காகத் தேய்ந்துபோனதற்கு ஒரு காரணம், மாணவராக நடிக்கும் சக மாணவர்கள் உண்மையில் எதையும் கற்கவில்லை என்பதே. ஸ்டுடியோவில் நடத்தப்படும் ஒத்திகையில் எதிரே இருப்பவர்கள் சற்று முன் உண்மையாகவே தடுமாறியவர்கள். அவர்கள் எழுதிய பிழையான கணிப்புகள் காகிதத்தில் அப்படியே கிடக்கின்றன. நடிப்பதற்கு அங்கே தேவை குறைவு.

## குழுவை அமைப்பதில் உள்ள நுட்பம்

'குழுவாகச் செய்யுங்கள்' என்று சொல்லிவிட்டால் கூட்டுக் கற்றல் நிகழாது. வேகமானவர் செய்வார், அடக்கமானவர் எழுதுவார், ஒருவர் வேடிக்கை பார்ப்பார். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1990-களின் தொடக்கத்தில் நடந்த ஆய்வுகள் சில நடைமுறைத் தெளிவுகளைத் தந்தன:

1. கணக்குத் தீர்ப்பதற்கு மூன்று பேர் கொண்ட குழு நன்றாக இயங்குகிறது. இருவர் மட்டும் இருந்தால் கருத்து வேறுபாடு வரும்போது தீர்த்துவைக்க ஆள் இல்லை. நால்வரானால் ஒருவர் எளிதில் ஒதுங்கிவிடுகிறார்.

2. நடத்துபவர், பதிவு செய்பவர், ஐயம் எழுப்புபவர் என்று பொறுப்புகளைப் பகிர்ந்து, அவற்றைச் சுழற்சியில் மாற்ற வேண்டும். ஐயம் எழுப்புபவர் என்ற பொறுப்பு இருப்பதால், நண்பரின் விடையை மறுத்துப் பேசுவது முரட்டுத்தனமாகத் தோன்றாமல் கடமையாகிவிடுகிறது.

3. இரண்டு ஆண்களும் ஒரு பெண்ணும் உள்ள குழுக்களில் பெண்ணின் கருத்து சரியாக இருந்தபோதும் புறந்தள்ளப்படுவது அந்த ஆய்வில் கவனிக்கப்பட்டது.

4. பணி போதுமான அளவு கடினமாக இருக்க வேண்டும். தனியாகவே முடிக்கக்கூடிய பணியைக் குழுவுக்குக் கொடுத்தால், அது ஒருவர் முடித்து மற்றவர்கள் நகலெடுக்கும் பணியாகிவிடும்.

மூன்றாவது கருத்துக்கு மாணவ ஆசிரியர் தனிக் கவனம் தர வேண்டும். கருவியைக் கையில் வைத்திருப்பவர் யார், எழுதுகோலைப் பிடித்திருப்பவர் யார் என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துக் குறிப்பது எளிய பயிற்சி. பின்னாளில் அவர் நடத்தப்போகும் வகுப்பில் அவருடைய கண் எங்கே போக வேண்டும் என்பதை அது பழக்குகிறது.

வெள்ளைப் பலகையின் பயனும் இங்கேதான் இருக்கிறது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹெஸ்டனஸ் வளர்த்தெடுத்த மாதிரியாக்க முறையில், எட்டுக்கு நான்கு அடிப் பலகை ஒன்றை ஆறு துண்டாக வெட்டிக் குழுவுக்கு ஒன்றாகக் கொடுப்பார்கள். குழுவின் யோசனை முழுவதும் ஒரே பரப்பில் தெரியும், அழிக்கலாம், தூக்கிக் காட்டலாம், பயிற்றுநர் தூரத்திலிருந்தே யார் எங்கே நிற்கிறார்கள் என்று படித்துவிடலாம். விலை உயர்ந்த திரைகளை விட இந்தத் துண்டுப் பலகை அதிகம் சாதிக்கிறது என்றால் அது மிகையாகாது.

## நான்கு பாடங்களும் உண்மையில் சேருகின்றனவா?

ஸ்டெம் என்ற பெயரில் நடக்கும் பணிகளில் பெரும்பாலானவை ஏதேனும் ஒன்றைக் கட்டுவதில் முடிகின்றன: காகிதப் பாலம், கோபுரம், வண்டி. கட்டுதல் உற்சாகம் தருவது உண்மை. ஆனால் பலமுறை மாற்றி மாற்றிப் பார்த்து எது நின்றதோ அதை வைத்துக்கொள்வதோடு பணி முடிந்துவிட்டால், அதில் பொறியியல் கொஞ்சம் உண்டு, அறிவியல் இல்லை, கணிதம் அளவுகோலை எடுத்து நீளம் அளந்ததோடு சரி.

பாலத்தையே சற்று வேறு வகையில் அமைத்துப் பார்ப்போம். கட்டுவதற்கு முன், அகலமும் நீளமும் சமமாகவும் தடிமன் மட்டும் வேறுபட்டும் உள்ள பட்டைகளை இரு தாங்கிகளுக்கு இடையே வைத்து, நடுவில் ஒரே எடையைத் தொங்கவிட்டு, எவ்வளவு தாழ்கிறது என்று அளக்கச் சொல்லலாம். தடிமன் இருமடங்கானால் தாழ்வு பாதியாகும் என்றே பலரும் கணிப்பார்கள். அளந்தால் அது எட்டில் ஒரு பங்காகும், ஏனெனில் விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. இந்த இடத்தில் கணிதம் அலங்காரமாக நிற்காது. மும்மடி உறவு இல்லாமல் அளவீட்டுக்கு விளக்கமே இல்லை. மேல்பகுதி அமுங்குகிறது, கீழ்ப்பகுதி இழுபடுகிறது என்பதைப் பார்க்கும்போது அறிவியல் வருகிறது. பிறகு, ஒரே ஒரு தாளைக் கொடுத்து அதிக எடை தாங்கும் பாலம் கட்டச் சொன்னால், மடித்த தாள் ஏன் நிற்கிறது என்பதைக் குழு முன்கூட்டியே வாதிட்டு முடிவெடுக்கும். அப்போதுதான் அது வடிவமைப்பு.

மாணவ ஆசிரியர் இங்கே கற்க வேண்டியது பாலம் கட்டுவதை அன்று. ஒரு பணியைப் பார்த்தவுடன், இதில் எந்தப் பாடத்தின் எந்தக் கருத்து இல்லாமல் வேலை நடக்காது என்று கேட்கத் தெரிய வேண்டும். விடை 'எதுவுமில்லை' என்றால் அது நல்ல பொழுதுபோக்கு. பாட நேரத்தில் அதற்கு இடமில்லை. எல்லாப் பாடப்பகுதிகளையும் நான்காக இணைக்கத்தான் வேண்டும் என்ற கட்டாயமும் தேவையில்லை. பின்னங்களின் வகுத்தலைக் கணிதமாகவே கற்பிப்பது நல்லது.

## சான்றுகள் என்ன சொல்கின்றன?

ரிச்சர்ட் ஹேக் 1998-ல் 6,000-க்கும் மேற்பட்ட இயற்பியல் மாணவர்களின் தரவுகளைத் தொகுத்தார். முன்னர் சொன்ன 0 முதல் 1 வரையிலான அளவில், வழக்கமான விரிவுரை வகுப்புகளின் சராசரி 0.23, மாணவர் ஈடுபாட்டை மையமாகக் கொண்ட வகுப்புகளின் சராசரி 0.48. ஸ்காட் ஃப்ரீமன் குழு 2014-ல் ஸ்டெம் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்தபோது, தோல்வி விகிதம் விரிவுரை வகுப்புகளில் 33.8 விழுக்காடாகவும், செயல்வழி வகுப்புகளில் 21.8 விழுக்காடாகவும் இருந்தது.

மனுக் கொடுத்த மாணவர்களின் முரண்பாட்டுக்கும் ஒரு விளக்கம் கிடைத்திருக்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் நடத்தப்பட்டு 2019-ல் வெளியான ஆய்வில், செயல்வழி வகுப்பில் இருந்தவர்கள் தேர்வில் கூடுதலாகக் கற்றிருந்தார்கள். ஆனால் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். சரளமான விரிவுரை எல்லாம் புரிந்துவிட்டது போன்ற உணர்வைத் தருகிறது. தடுமாறிக் கற்பது அந்த உணர்வைத் தருவதில்லை. மாணவ ஆசிரியருக்கு இதில் இரட்டைப் பாடம் இருக்கிறது. தம்முடைய அதிருப்தியை வைத்து ஸ்டுடியோவை அளக்கக் கூடாது என்பது ஒன்று. நாளை தம் மாணவர்கள் "சார், நீங்களே சொல்லிடுங்க" என்று கேட்கும்போது அதற்கு ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பது மற்றொன்று.

இந்த எண்களை ஆசிரியர் பயிற்சிக்கு அப்படியே எடுத்துவருவதில் எச்சரிக்கை தேவை. இவை அனைத்தும் ஸ்டுடியோவிலோ செயல்வழி வகுப்பிலோ உட்கார்ந்தவர் எவ்வளவு கற்றார் என்பதை அளப்பவை. அங்கே படித்த ஆசிரியரிடம் பின்னர் படிக்கும் பிள்ளைகள் எவ்வளவு கற்கிறார்கள் என்பது இதிலிருந்து தானாக வருவதில்லை. இரண்டுக்கும் நடுவே பள்ளிக் கால அட்டவணை, பாடநூலின் பக்க எண்ணிக்கை, தேர்வுமுறை, தலைமையாசிரியரின் எதிர்பார்ப்பு எல்லாம் இருக்கின்றன.

## எங்கே முறிகிறது?

1. தேர்வு. வகுப்பு முழுவதும் விவாதமாக நடந்து, இறுதித் தேர்வு மட்டும் வரையறைகளை எழுதச் சொன்னால், மாணவ ஆசிரியர் எதை மதிப்பார் என்பதில் ஐயமில்லை. ஒரு மாணவரின் பிழையான விடையைக் கொடுத்து, அதன் பின்னால் இருக்கும் யோசனை என்ன, அடுத்து என்ன கேட்பீர்கள் என்று வினவும் தேர்வு ஸ்டுடியோவுக்குப் பொருந்தும். இத்தகைய வினாக்களைத் தயாரிப்பதும் திருத்துவதும் கடினம். அதனாலேயே அவை தவிர்க்கப்படுகின்றன.

2. பயிற்றுநரின் ஆயத்தம். விரிவுரை ஆற்றிப் பழகியவருக்கு மேசைகளுக்கு இடையே நடந்து கேட்பது புதிய தொழில். அவருக்கு எந்தப் பயிற்சியும் தராமல் அறையை மட்டும் மாற்றினால், ஏதாவது ஒரு சுவரை முன்பக்கமாக்கி அங்கிருந்து விரிவுரை நடக்கும். பாடத்துறையைச் சேர்ந்தவரும் கல்வியியலைச் சேர்ந்தவரும் ஒரே அமர்வை இணைந்து நடத்துவது நல்ல ஏற்பாடு, ஆனால் இருவருக்கும் பணிநேரம் கணக்கிடப்பட வேண்டும் என்பதால் நிர்வாகங்கள் தயங்குகின்றன.

3. நேரமும் இடமும். நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளையில் கணிப்பும் சோதனையும் முடியலாம்; பகுப்பாய்வு முடியாது. தொடர்ச்சியாக இரண்டு மணி நேரமாவது வேண்டும். படிக்கட்டு விரிவுரை அரங்கை விட ஒரு மாணவருக்கான இடமும் கூடுதலாகத் தேவைப்படும்.

4. பயிற்சிப் பள்ளி. எனக்கு இதுவே மிகப் பெரிய முறிவாகத் தெரிகிறது. மாணவ ஆசிரியர் கற்பித்தல் பயிற்சிக்காகச் செல்லும் பள்ளியில், வழிகாட்டி ஆசிரியர் ஸ்டுடியோவைக் கண்டிராதவராக இருந்தால், "அதெல்லாம் காலேஜோட, இங்கே பாடத்தை முடிக்கணும்" என்ற ஒரே வாக்கியத்தில் ஓராண்டுப் பயிற்சி பின்வாங்கிவிடும். பள்ளியில் வட்ட மேசை இருக்காது. இரண்டு பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டு இருபது நிமிடத்தில் கணிப்பும் விவாதமும் நடத்துவது எப்படி என்பதைப் பயிற்சியின்போதே செய்து பார்த்தவரால்தான் அங்கே தாக்குப்பிடிக்க முடியும்.

கடைசிச் சிக்கலுக்குச் சில நிறுவனங்கள் கண்டிருக்கும் வழி, வழிகாட்டி ஆசிரியர்களையும் ஸ்டுடியோ அமர்வுகளுக்கு அழைத்து, மாணவ ஆசிரியர்களோடு அதே மேசையில் அதே பல்புகளைச் செருக வைப்பது. அனுபவமுள்ள ஆசிரியர் தம் கணிப்புத் தவறுவதை ஓர் இளையவர் முன்னிலையில் காண்பது சங்கடமான காரியம்தான். ஆனால் அடுத்த மாதம் அந்த இளையவர் அவருடைய வகுப்பில் பெஞ்சைத் திருப்பிப் போடும்போது, எதற்காக என்று அவருக்கு விளக்க வேண்டியிருக்காது.